மகள் தத்துவம் படிக்கட்டுமா?

கேள்வி: ஆந்திராவில், நகரியில் சொந்தமாக நான்கு விசைத்தறி வைத்து ஓட்டுகிறேன். வீட்டில் தமிழ்தான். மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் புத்தூரில் இன்டர் (இங்கே பிளஸ் டூ மாதிரி) எம்.பி.சி., அதாவது கணிதம், இயற்பியல், வேதியியல், இங்கிலீஷ் மீடியம். இரண்டாம் வருடப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள், நல்ல மார்க் வரும். எம்செட் (இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு, இப்போது பெயர் ஈ.ஏ.பி.செட்) எழுத வைத்து பி.டெக். சேர்க்கலாம் என்றிருந்தேன். இப்போது பி.ஏ. ஃபிலாசஃபிதான் படிப்பேன் என்கிறாள். இன்ஜினியரிங் படித்தால் வேலை கிடைக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். இவள் அதைப் படிக்காவிட்டால் வேலைக்கு எங்கே போவாள்? கேட்டால், "திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்துத்தானே குடியரசுத் தலைவர் ஆனார்" என்கிறாள். சாமியாராகப் போய்விடுவாளோ என்று என் மனைவிக்குப் பயம். சேர்க்கலாமா, வேண்டாமா?

பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் கட்சியை மட்டும் எழுதாமல் மகள் சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். இதை அவளும் படிக்கட்டும்.

நான் பள்ளிப்பட்டில் பிறந்தவள். சென்னையில் ஒரு கல்லூரியில் பணி ஓய்வு பெறும்வரை தத்துவம்தான் நடத்தினேன். முதல் செமஸ்டரில் அளவையியல் என்று ஒரு பாடம் வரும். ஒருவர் சொல்லும் காரணங்களிலிருந்து அவர் சொல்லும் முடிவு உண்மையிலேயே வருகிறதா என்று பார்ப்பதுதான் அதில் வேலை. உங்கள் கடிதத்தில் அதற்கு இரண்டு நல்ல கணக்குகள் இருக்கின்றன.

முதலாவது உங்களுடையது. இன்ஜினியரிங் படித்தால் வேலை கிடைக்கும். இவள் இன்ஜினியரிங் படிக்கப் போவதில்லை. ஆகவே இவளுக்கு வேலை கிடைக்காது. முதல் இரண்டு வரியும் முழு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்றாவது வரி அவற்றிலிருந்து வராது. மழை பெய்தால் வாசல் நனையும். மழை பெய்யவில்லை என்பதற்காக வாசல் காய்ந்து கிடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. யாராவது சாணம் கரைத்துத் தெளித்திருப்பார்கள். இன்ஜினியரிங் ஒரு வழி என்பதிலிருந்து அது ஒன்றுதான் வழி என்பது கிடைக்காது.

இரண்டாவது உங்கள் மகளுடையது. அதுவும் நிற்காது. ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவத்தை எடுத்ததற்குக் காரணம், அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்ததுதான். புத்தகச் செலவு மிச்சம் என்று எடுத்த படிப்பு அது. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார், 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா, 1936இல் ஆக்ஸ்போர்டு. குடியரசுத் தலைவரானது 1962இல். ஐம்பது வருடத்துக்கு மேல் நீண்ட அந்தப் பாதையில் படிப்பும் இருந்தது, எழுத்தும் இருந்தது, அந்தக் காலத்து அரசியலும் இருந்தது. ஒருவருக்கு அமைந்ததை வைத்து இன்னொருவருக்கும் அமையும் என்று சொல்ல வழியில்லை. மகளே, இதை வைத்து அப்பாவிடம் வாதாடாதே. இதைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன.

இரண்டு வாதமும் விழுந்துவிட்டால் சேர்க்கலாம் என்றும் ஆகாது, வேண்டாம் என்றும் ஆகாது. கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நான் அதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கச் சொல்வேன். தத்துவம் படிப்பவர் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து செய்யும் வேலை என்ன? அந்த வேலை உங்கள் மகளுக்குப் பிடித்திருக்கிறதா? இந்தப் படிப்பில் நன்றாக வந்தவர்களும் வீணாகப் போனவர்களும் பிரிந்த இடம் பெரும்பாலும் இதுதான் என்பதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

வேலை என்னவென்று சொல்கிறேன். மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் அமுதசுரபியோடு நிறுத்திவிடுவார்கள். இருபத்தேழாவது காதையில் அவள் வஞ்சி நகரத்துக்குப் போய் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், சாங்கியன், பூதவாதி என்று பத்துப் பேரிடம் போய் நிற்கிறாள். உன் கொள்கை என்ன, சொல் என்று ஒவ்வொருவரையும் கேட்கிறாள். அப்புறம் காஞ்சிக்கு வருகிறாள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய அதே காஞ்சிதான். அங்கே இருபத்தொன்பதாவது காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி அவளுக்குக் கற்றுத் தருவது சுத்தமான தர்க்கம். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்பு. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை இருக்கிறது. அடுக்களையில் பார்க்கிறோம் அல்லவா, அது மாதிரி என்று ஒவ்வொரு படியாக வைத்துக்கொண்டு போவார். அதோடு விடாமல் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று, சரி மாதிரித் தோன்றும் தப்பான வாதங்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டுவார். கதை கேட்கத்தான் வந்தோம், இது என்ன இலக்கண வகுப்பு மாதிரி இருக்கிறதே என்று பலர் தாண்டிப் போய்விடும் பகுதி அது. எனக்கு அந்தக் காவியத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒரு பெண் ஊர் ஊராகப் போய் எல்லோரையும் கேட்டு, கேட்டதை எப்படி எடை போடுவது என்றும் கற்றுக்கொள்கிறாள். பி.ஏ. தத்துவத்தின் மூன்று வருடமும் கிட்டத்தட்ட இந்த இரண்டு காதைதான்.

இந்திய தத்துவம் என்ற தாளில் சார்வாகம், சமணம், பௌத்தம், நியாயம், சாங்கியம், வேதாந்தம் எல்லாம் வரும். மேற்கத்திய தத்துவத்தில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டெகார்ட், ஹியூம், கான்ட். அறவியல் தனித் தாள். உங்கள் ஊர்க் கணக்கிலேயே அதற்கு ஒரு உதாரணம் சொல்லலாம். ஒரு சாயப்பட்டறை கழிவை ஆற்றில் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடினால் ஐம்பது குடும்பத்துக்கு வேலை போகும். மூடாவிட்டால் கீழே இருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கிணறு போகும். மொத்த நன்மையைக் கூட்டிக் கழித்து முடிவெடுக்கலாம் என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற தத்துவவாதியின் வழி. கூட்டிக் கழிக்கவே கூடாத சிலது இருக்கிறது, ஒருவருடைய உயிரை இன்னொருவர் சம்பளத்துக்கு விலையாக வைக்க முடியாது என்பது கான்ட் வழி. மாணவி இரண்டையும் அவரவர் பக்கம் நின்று, அவர்களே சொல்வதைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் முடிவை எழுத வேண்டும். எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று எழுதினால் மார்க் கிடையாது. ஏன் என்று எழுத வேண்டும். அந்த ஏனுக்கு எதிராக என்ன சொல்லலாம் என்றும் எழுத வேண்டும்.

மகள் எம்.பி.சி. படித்தது இதற்கு வீண் இல்லை. கணிதத்தில் தேற்றத்தை நிறுவும்போது ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் வருகிறது என்று பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தால், அளவையியலும் பிடிக்கும். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கணிதம் படித்துவிட்டுத்தான் தத்துவத்துக்கு வந்தார். ஜார்ஜ் பூல் 1854இல் சிந்தனையின் விதிகளைச் சமன்பாடாக எழுதினார். இன்றைய கம்ப்யூட்டர் சர்க்யூட் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன். திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குத் தத்துவம் என்றதும் காவி ஞாபகம் வருவது இயற்கை. ஆனால் மேலே சொன்ன பட்டியலில் முதலில் நிற்கும் சார்வாகம், கண்ணால் காணாததை நம்பாதே என்று சொன்ன கட்சி. அதையும் அக்கறையாகப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். தத்துவ வகுப்பு யாரையும் சாமியாராக்கியதை நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது வேறு, அதுதான் எனக்குக் கவலை. வீட்டில் ஒரு சாவு, ஒரு பெரிய ஏமாற்றம், மனசு சரியில்லை என்ற நிலையில் ஆறுதல் தேடி இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் போய், நாளைக்கும் தீ சுடும் என்று எப்படி உறுதியாகச் சொல்வாய் என்று ஹியூமை நடத்தினால், இருந்த பிடியும் போன மாதிரி தவித்துப்போவார்கள். மனசுக்கு நிம்மதி வேண்டும் என்றால் அதற்குத் துணையும் தேவைப்பட்டால் வைத்தியமும் தேட வேண்டும், பட்டப்படிப்பை அல்ல. ஏன் இந்தப் படிப்பு என்று அவளிடம் கோபமில்லாமல் ஒரு தடவை கேளுங்கள். அம்மா கேட்டால் இன்னும் நல்லது.

சேர்ப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். பிளேட்டோ எழுதிய கிரீட்டோ என்ற சிறிய உரையாடல் இருக்கிறது. ஒரே மாலையில் படித்துவிடலாம், இணையத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாக்ரடீஸ் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறார். நண்பர் கிரீட்டோ விடியும் முன்பே வந்து, காவலரைச் சரிக்கட்டிவிட்டேன், தப்பித்துப் போய்விடலாம் வா என்கிறார். உன் பிள்ளைகள் என்ன ஆவார்கள், ஊர் எங்களைத்தானே பேசும் என்று காரணம் மேல் காரணமாக அடுக்குகிறார். சாக்ரடீஸ் மாட்டேன் என்கிறார். ஏன் என்று அவர் சொல்வதுதான் மீதி.

மகள் அதைப் படித்துவிட்டு நான்கு பக்கம் எழுதட்டும். தமிழிலேயே எழுதட்டும். கிரீட்டோ சொல்லும் காரணங்கள் எவை, அதில் பலமானது எது, சாக்ரடீஸின் பதிலில் இடறும் இடம் எது, அவள் அங்கே இருந்தால் யார் பக்கம், ஏன். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, இதை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் தறி ஓட்டுபவர், இது நமக்கெதற்கு என்று ஒதுங்காதீர்கள். கூலி பேசும்போதும் பாவு நூலுக்கு விலை பேசும்போதும் எதிராளியின் பேச்சில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கிறவர்தானே நீங்கள்? இங்கேயும் அதே காதோடு கேட்டால் போதும்.

நீங்கள் கேட்கக் கேட்க அவள் திரும்பப் போய் அடித்துத் திருத்தி எழுதினால், மறுநாளும் அதையே பேசினால், இந்தப் படிப்பு அவளுக்கு ஆகும். இரண்டு பக்கத்தில் அலுத்துப்போனால், அவளுக்குப் பிடித்தது தத்துவம் என்ற பெயர்தான். அதில் தப்பொன்றும் இல்லை, பதினேழு வயது. ஆனால் பெயரை நம்பி மூன்று வருடம் போடக் கூடாது.

இங்கிலீஷ் ஒரு தடைதான், மறைக்க மாட்டேன். மூல நூல்களை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும், வாக்கியங்கள் நீளம். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் முதல் வருடம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுப்பார்கள். இதில் யாரும் வேகமாகப் படிப்பதில்லை என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிடும். தமிழில் யோசித்து எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனவர்கள் நன்றாக வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

வேலை. பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு டீச்சராகப் போக வேண்டும் என்பது அவள் ஆசை என்றால் தத்துவம் வேண்டவே வேண்டாம். கேரளத்தில் பிளஸ் டூவிலேயே தத்துவம் ஒரு பாடம். நம் பக்கம் அது அரிது. பள்ளியில் நடத்தும் ஒரு பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டு பி.எட். போவதுதான் சரி. கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால் எம்.ஏ., நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), பிஎச்.டி. என்று இன்றிலிருந்து பத்து வருடம் போல ஆகும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் ஆராய்ச்சிக் காலத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். அதற்கப்புறம் நிரந்தரப் பணியிடம் கிடைப்பது கடினம். இதைத் தெரிந்துகொண்டே அந்த வழியில் போக வேண்டும்.

பி.ஏ. முடித்தவுடன் திறக்கும் வழிகளில் எனக்கு நம்பிக்கையானது சட்டம். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்று வருட எல்.எல்.பி. சேரலாம், ஆந்திராவில் லாசெட் நுழைவுத் தேர்வு. ஒரு தீர்ப்பைப் படித்து அதன் காரண வரிசையைப் பிரித்தெடுப்பது அவளுக்கு அதற்குள் பழகியிருக்கும். என் மாணவர்களில் வக்கீலானவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பத்திரிகை, பதிப்பகம், மொழிபெயர்ப்பு இன்னொரு பக்கம். தமிழும் தெலுங்கும் வீதியிலேயே கற்ற பிள்ளைக்கு ஆங்கிலமும் திருத்தமாக வந்துவிட்டால் அது சாதாரணச் சொத்து இல்லை. எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி அது.

சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக உண்டு. இரண்டு தாள், 500 மார்க். 2013 முதல் அறவியலுக்கு என்று பொதுத் தாள் ஒன்று 250 மார்க்குக்கு இருக்கிறது, கட்டுரை 250. மூன்றுக்கும் இந்தப் படிப்பு கை கொடுக்கும். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் எழுதி ஆயிரம் பேர் அளவில் தேறும் பரீட்சையை ஒரு பட்டப்படிப்புக்குக் காரணமாகச் சொல்ல நான் துணிய மாட்டேன். கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெறும் பி.ஏ.வோடு நின்றுவிடாமல் மூன்று வருடத்துக்குள் கையில் இன்னொன்றும் சேர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. எம்.பி.சி. பிள்ளைக்கு ஒரு நல்ல வழி, ஐ.ஐ.டி. மெட்ராஸ் இணையவழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு. 2022 முதல் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. அனுமதித்திருக்கிறது. அந்த ஐ.ஐ.டி. படிப்புக்கு ஜே.ஈ.ஈ. தேவையில்லை, அவர்களே சில வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைப்பார்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. முழுப் பட்டம் வரை போகாமல் டிப்ளமோவோடு வெளியே வரலாம். பளு அதிகம்தான். முதல் செமஸ்டர் கழிந்து, கல்லூரி பிடிபட்ட பிறகு தொடங்கினால் போதும்.

எங்கே சேர்ப்பது? ராதாகிருஷ்ணன் படித்த அதே கிறித்தவக் கல்லூரி இப்போது தாம்பரத்தில் இருக்கிறது, பி.ஏ. தத்துவம் அங்கே உண்டு. ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறினால் அரக்கோணம் வழியாகச் சென்னை. தினமும் போய் வரும் தூரம் இல்லை, ஹாஸ்டல் செலவைக் கணக்கில் வையுங்கள். இன்னொன்று: தமிழ்நாட்டுக் கல்லூரியில் உங்கள் மகள் வெளிமாநில மாணவி. ஆந்திராவில் உங்கள் சமூகத்துக்கு உள்ள பி.சி. ஒதுக்கீடு அங்கே செல்லாது, பொதுப் பிரிவில்தான் போட்டி. ஆந்திர அரசின் ஃபீஸ் ரீயம்பர்ஸ்மென்ட்டையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். டெல்லியில் மிராண்டா ஹவுஸ் மாதிரிக் கல்லூரிகளில் தத்துவ ஆனர்ஸ் சிறப்பாக இருக்கிறது. அதற்கு கியூயெட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இன்டர் பரீட்சை சமயத்தை ஒட்டியே அதன் விண்ணப்பமும் முடிந்துவிடக்கூடும். அவள் போடவில்லை என்றால் இந்த வருடம் அதை விட்டுவிடுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் நேரில் போங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டாம் வருடப் பிள்ளைகள் நான்கு பேரைப் பிடித்து, நீங்கள் கேட்டு வாங்கிய பாடமா, வேறு எதுவும் கிடைக்காமல் வந்ததா என்று விசாரியுங்கள். வேறு இடம் இல்லாதவர்களைக் கொண்டு நிரப்பும் துறையாக இது பல இடத்தில் இருக்கிறது. அங்கே கைடு வைத்து நடத்தி, கைடு வைத்து எழுதி, பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட வகுப்பில் உங்கள் மகளைச் சேர்க்காதீர்கள். வாதம் பண்ண ஆள் இல்லாமல் தத்துவம் படிக்க முடியாது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். ஒரு நாள் அவளைக் கூட்டிப்போய் அங்குள்ள ஆசிரியர்களிடம் பேச வையுங்கள்.

நல்ல கல்லூரி கிடைக்காவிட்டால் பொருளாதாரமோ ஆங்கிலமோ வரலாறோ எடுத்து பி.ஏ. முடிக்கட்டும். எம்.ஏ.வில் தத்துவத்துக்கு வரலாம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.ஏ. தத்துவம் சேரலாம், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் துறை உண்டு. அப்படியென்றால் பி.டெக். முடித்துவிட்டே வரலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வரலாம், வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மனசில்லாமல் நான்கு வருடம், அரியர், லட்சக்கணக்கில் செலவு என்று ஆனால் உங்கள் தறியும் தாங்காது, பிள்ளையும் தாங்காது. அவளாக விரும்பி எடுத்தால் மட்டும் அந்த வழி.

என் முடிவு இது: கிரீட்டோ கட்டுரை நன்றாக வந்து, விசாரித்ததில் உயிருள்ள ஒரு துறையும் கிடைத்தால், தயங்காமல் சேருங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மேலே சொன்ன மாற்று வழி.

எம்செட்டையும் அவள் எழுதட்டும். எழுதினாலே சேர்ந்தாக வேண்டும் என்றில்லை, கவுன்சலிங் வரைக்கும் நேரம் இருக்கிறது. மகளே, அப்பா கேட்டதற்காக அதை முழு மனசோடு எழுது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விண்ணப்பம் மே மாதத்திலேயே முடிந்துவிடலாம், ஆகவே கட்டுரையையும் கல்லூரி விசாரணையையும் இந்த இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். வேறு மாநிலத்தில் சேர்வதாக இருந்தால் இன்டர் போர்டின் மைக்ரேஷன் சர்டிஃபிகேட் கேட்பார்கள். மார்க் வந்த அன்றே அதற்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.